அமில மழையும் உயர்ந்த புகைபோக்கியும்: செஞ்சி வட்டாரக் கற்கோயில்களை முன்னிட்டு ஓர் ஆய்வு

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டைமண்டலத்தை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தபோது, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றியே அதனைத் தான் ஆக்கியதாகச் சமஸ்கிருதச் சாசனம் ஒன்றில் பொறித்து வைத்தான். அச்சாசனத்தைத் தமிழகக் கற்றளிகளின் தொடக்கச் சான்றாகச் சரித்திர ஆசிரியர்கள் பலகாலும் எடுத்தாண்டிருக்கின்றனர். ரசாயன சாஸ்திரம் பயின்ற ஒருவர் அதனைப் படிப்பாராயின், அவ்வரசன் விலக்கிய பொருள்களுள் உலோகமும் சுண்ணாம்பும் அமிலத்தின் முன் நில்லாதவை என்பதும், அவன் தேர்ந்துகொண்ட கருங்கல் அமிலத்துக்கு மிக மிக மெதுவாகவே இடங்கொடுப்பது என்பதும் அவருக்கு உடனே புலப்படும். அமில மழை என்னும் உபாதையின் வரலாற்றைத் தமிழ்நாட்டில் நின்றுகொண்டு ஆராயப் புகுவோர்க்கு இதனினும் பொருத்தமான தொடக்கம் கிடைப்பது அரிது.

அம்மன்னனே எடுப்பித்த மற்றொரு குடைவரை, செஞ்சிக்கு வடக்கே, வந்தவாசி வட்டத்தில் தேசூரை அடுத்துள்ள சீயமங்கலத்தில் இருக்கிறது. லலிதாங்குரன் என்னும் விருதுப் பெயரால் தன்னைக் குறித்துக்கொண்டு, அவனிபாஜன பல்லவேசுவரம் என்று அவன் பெயரிட்ட அக்கோயில், இன்று ஸ்தம்பேசுவரர் ஆலயமாக வழிபடப்பெறுகிறது. முகப்புத் தூணின் மேற்பகுதியில் சிறியதாகச் செதுக்கப்பட்டுள்ள ஆடும் சிவபெருமானின் உருவம், தமிழ்நாட்டுக் கற்சிற்பங்களில் ஆடவல்லானைக் காணக் கிடைக்கும் மிகப் பழைய இடங்களுள் ஒன்று எனக் கலை வரலாற்றறிஞர் மதிப்பர். தூக்கிய காலின் வளைவும், வீசிய கையின் போக்கும் பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றுகின்றன. பிற்காலத்தார் முன்புறம் எழுப்பிய மண்டபங்கள் மழைச் சாரலைத் தடுத்துக் காத்து வருவது அதற்கு ஒரு காரணம். கல்லின் இயல்பு மற்றொரு காரணம். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கருநிற அப்பிரகம் ஆகிய மூன்றும் படிகமாக இறுகிப் பின்னிய இக்கல்லில், குவார்ட்ஸை மழைநீர் அனேகமாகத் தொடுவதே இல்லை. ஃபெல்ட்ஸ்பார் மட்டும் அமிலம் பட்டபோது பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இழந்து வெண்களிமண்ணாக மாறுகிறது. அப்பிரகத்திலுள்ள இரும்பு துருவாகக் கசிந்து பழுப்பு நிறக் கறையாகப் படிகிறது. மனிதரின் ஆயுளைக் கொண்டு அளக்கவொண்ணாத மந்தகதியில் நடைபெறும் மாறுதல்கள் இவை. அதே ஊரில், திறந்த பாறை முகத்தில், கங்க மன்னர் காலத்தில் வடிக்கப்பட்ட சமணத் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக வெயிலையும் மழையையும் ஏற்று நிற்பதும் இக்கல்லின் பலத்தாலேயே ஆகும்.

செஞ்சிக் கோட்டையை இவ்வாறு சொல்லிவிட இயலாது. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் கருங்கல் மலைகளே. மதில்களும் பெரும்பாலும் கருங்கல்லே. ஆயினும் கல்யாண மகாலின் அடுக்குகளும், நெற்களஞ்சியங்களின் வளைவுக் கூரைகளும், வேங்கடரமணர் ஆலயக் கோபுரத்தின் மேல்நிலைகளும், மகேந்திரன் எவற்றை வேண்டாமென்று ஒதுக்கினானோ அவற்றால், அதாவது செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும், ஆனவை. சாந்து என்பது காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகிய கால்சியம் கார்பனேட். அதன்மேல் கந்தக அமிலம் பட்டால் கரியமில வாயு வெளியேறி, எஞ்சிய கால்சியம் ஜிப்சமாகிறது. ஜிப்சம் நீரில் ஓரளவு கரையும் தன்மையது. ஆதலால் மழை நேரே வீழும் பக்கத்தில் அது கழுவப்பட்டுச் சாந்தின் மேற்பூச்சு மெலிகிறது. மழை படாத அடிப்பக்கத்திலும் பிறைகளிலும் அது தங்கி, புகைக்கரியைத் தன்னுள் சேர்த்துக் கறுத்த ஓடாகிப் பின்னர் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஒரே சிலையின் நெற்றி தேய்ந்தும் கழுத்தடி கறுத்தும் காணப்படுமாயின், அது அமிலத்தின் வேலையோ என்று ஐயுற்று ஆராய்வது முறை.

இந்த அறிவு எவ்வாறு பிறந்தது என்பதை இனிக் காண்போம். நீராவி இயந்திரத்தின் தாயகமான இங்கிலாந்தில், பருத்தியாலைகள் நிறைந்த மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்னும் ரசாயன நிபுணர், 1852இல் அந்நகரின் காற்றையும் மழையையும் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஊருக்கு வெகு தொலைவிலுள்ள வயல்களில் பெய்யும் மழையில் அமோனியம் கார்பனேட்டும், புறநகரில் அமோனியம் சல்பேட்டும், நகரின் நடுவே கந்தக அமிலமும் இருக்கக் கண்டு, மூன்று வளையங்களாக அவர் அதனை விளக்கினார். வயற்புறத்தில் மாட்டுச் சாணத்திலிருந்தும் எருவிலிருந்தும் எழும் அமோனியா, நகரத்துக் கந்தகத்தை எதிர்கொண்டு அதன் கடுமையைத் தணிக்கிறது என்ற உண்மை அவ்வறிக்கையிலேயே அடங்கியிருக்கிறது. இந்தியாவின் மழையைப் பற்றிப் பிற்காலத்தார் அறிந்துகொண்டதற்கு அது ஒரு முன்னுரை எனலாம். 1872இல் அவர் எழுதிய, காற்றும் மழையும் பற்றிய பெருநூலில்தான் அமில மழை என்ற பெயரே முதன்முதலாக நிலைபெற்றது. அளவீடுகளைப் பொறுமையோடு சேர்த்து, அவற்றின் பொருளை நிதானமாகச் சொன்ன அம்மேதையின் நூலை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை என்பது விஞ்ஞான வரலாற்றின் துயரங்களுள் ஒன்று.

ஸ்மித் ஆராய்ச்சியோடு நின்றவரல்லர். சோடா உப்புத் தயாரிக்கும் ஆலைகள் ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவை ஊர்மேல் விட்டுச் சுற்றுப்புறத்து மரங்களையும் பயிர்களையும் பட்டுப்போகச் செய்தமையால், 1863இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. அவ்வாயுவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை ஆலைக்காரர் நீரில் கரைத்துப் பிடித்தே தீரவேண்டும் என விதித்தது. அச்சட்டத்தைச் செயற்படுத்தும் முதல் ஆய்வாளராக நியமனம் பெற்றவர் ஸ்மித்தே. வாயுவை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது என்னும் கொள்கை ஆக இவ்வளவு பழமையானது. 1930களில் லண்டன் பாட்டர்சீ மின்நிலையத்தில், தேம்ஸ் நதி நீரின் இயற்கையான காரத்தன்மையைத் துணைக்கொண்டு புகையைக் கழுவிக் கந்தகத்தை நீக்கும் முறையும் கையாளப்பட்டது. ஆயினும் இம்முறை எங்கும் பரவவில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரை மூடிய நச்சுப் பனிப்புகையில் நாலாயிரம் பேர் மாண்டதாக அப்போது கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அத்தொகை அதனினும் மிகப் பெரிது என்று காட்டின. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீடுகளில் புகையில்லாத எரிபொருள் பரவிற்று. பெரிய மின்நிலையங்கள் நகரை விட்டு அகன்றன. அவற்றின் புகைபோக்கிகள் வானளாவ உயர்ந்தன. நகரங்களின் ஆகாயம் தெளிந்தது. கந்தகம் மட்டும் குறையவில்லை. அது இடம் பெயர்ந்தது.

இடம் பெயர்ந்த கந்தகம் என்ன ஆயிற்று என்பதை அறிய, அதன் ரசாயனத்தைச் சிறிது விரிவாக நோக்குதல் வேண்டும். மாசற்ற மழைநீரும் சற்றே அமிலத் தன்மையது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் அதன் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 5.6 ஆகிறது. 1909இல் டென்மார்க்கு அறிஞர் சோரன்சன் வகுத்த இவ்வளவுகோலில், ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு பெருகியதாகப் பொருள். நிலக்கரியும் எண்ணெயும் எரிகையில் அவற்றிலுள்ள கந்தகம் கந்தக டை ஆக்சைடாகிறது. உலையின் கடும் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனே ஆக்சிஜனோடு கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. இவை புகைபோக்கியை விட்டு வெளிவரும் கணத்திலேயே அமிலமாகி விடுவதில்லை. சூரிய ஒளியால் ஆகாயத்தில் உண்டாகும் ஹைட்ராக்சில் என்னும் துடிப்பு மிக்க அணுக்கூட்டம் நைட்ரஜன் டை ஆக்சைடைப் பற்றி நைட்ரிக் அமிலமாக்குவது ஒரு பகற்பொழுதில் முடியும். கந்தக டை ஆக்சைடை அதே வழியில் மாற்றுவதற்குப் பல நாட்கள் செல்லும். ஆனால் மேகத் துளிக்குள் கந்தக டை ஆக்சைடு கரைந்துவிட்டால், அங்குள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு வெகு விரைவில் அதனைக் கந்தக அமிலமாக மாற்றிவிடுகிறது. துளி எவ்வளவு புளித்தாலும் இந்தச் செயல் தளர்வதில்லை. ஓசோனும் இவ்வேலையைச் செய்யும். ஆயின் நீர் புளிக்கப் புளிக்க அதன் வேகம் மந்தமாகிவிடும். இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றின் துகள்கள் ஊக்கிகளாக நின்று துணைபுரிகின்றன. மழை பெய்யாத நாட்களிலும், வாயுவாகவும் நுண்துகளாகவும் இவை இலைமேலும் கல்மேலும் நேரே படிவதுண்டு. அதனை உலர் படிவு என்பர். எனவே புகைபோக்கியிலிருந்து மழைத்துளி வரை கந்தகத்துக்குச் சில மணி நேரம் முதல் பல நாட்கள் வரை பிரயாண காலம் இருக்கிறது. அக்காலத்துக்குள் காற்று அதனை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டு சென்றுவிடும்.

இந்தப் பிரயாணத்தை உலகம் உணர்ந்தது ஸ்காண்டினேவியாவில்தான். நார்வே, ஸ்வீடன் நாடுகளின் தென்பகுதி ஏரிகளில் மீன்கள் அற்றுப்போய்க் கொண்டிருந்ததற்குக் காரணம் தேடிய மண்ணியல் அறிஞர் ஸ்வான்டே ஓடேன், மேலை நாடுகள் பலவற்றின் மழைநீர்ப் பதிவுகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்து, பிரிட்டனும் மத்திய ஐரோப்பாவும் வெளிவிடும் கந்தகமே வடக்கே மழையாக இறங்குகிறது என்று 1967இல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்றில் எழுதினார். 1972இல் அதே நகரில் கூடிய ஐக்கிய நாடுகளின் மானிடச் சூழல் மாநாட்டில் ஸ்வீடன் இதனைத் தன் வழக்காகவே முன்வைத்தது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் என்னும் மலைக்காட்டில் 1963இல் ஜீன் லைக்கன்ஸும் அவர்தம் தோழர்களும் எடுத்த முதல் மழைநீர் மாதிரியின் பி.எச். 3.7 ஆக இருந்தது. இயல்பான மழையைக் காட்டிலும் எண்பது மடங்கு அமிலம் அதிலே இருந்தது. லைக்கன்ஸும் போர்மனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், புகையின் சாம்பலை மட்டும் பிடித்துவிட்டு வாயுவை உயர்ந்த புகைபோக்கி வழியே மேலே அனுப்பும் ஏற்பாடு, ஊரளவில் இருந்த கரித்தொல்லையைத் தேசமளாவிய அமிலத் தொல்லையாக மாற்றிவிட்டது என்று காட்டினார்கள். சாம்பலில் காரப் பொருள்கள் உண்டு. அவை அமிலத்தை ஓரளவு தணித்து வந்தன. சாம்பலைப் பிடித்த பின் தணிப்பார் இல்லாமற் போயிற்று. சாம்பலைப் பிடித்தது பிழையன்று. மனிதரின் நுரையீரலுக்கு அது அவசியமே. பிழை யாதெனில், இணைந்து வந்த இரு தீமைகளில் ஒன்றை மட்டும் தீர்த்து, மற்றதைக் கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு அனுப்பிவைத்தது. கனடாவின் சட்பரி நகரில் நிக்கல் தாது உருக்கும் ஆலைக்கு 1972இல் எழுப்பிய 381 மீட்டர் உயரப் புகைபோக்கி இக்கொள்கையின் சிகரம். அதனால் சட்பரியின் காற்று தெளிந்ததும், அதன் கந்தகம் நெடுந்தொலைவு பரவியதும் ஒருங்கே நிகழ்ந்தன.

அமிலம் விழுந்த நிலத்தில் நேரும் மாறுதல் மெல்லியது, ஆழமானது. மண்ணின் களித்துகள்கள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தம்மேல் பற்றிவைத்துச் செடிகளுக்குச் சிறுகச் சிறுக வழங்குவன. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் வந்து அவ்விடத்தைப் பற்றிக்கொள்ள, அச்சத்துகள் நீரோடு கழுவிச் செல்லப்படுகின்றன. அவை தீர்ந்தபின், மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து வெளிப்படுகிறது. அது வேர்நுனிகளைச் சிதைக்கும். ஓடைகளில் இறங்கி மீனின் செவுளில் படிந்து அதன் மூச்சைத் திணறடிக்கும். பி.எச். 5க்குக் கீழ் வந்த நீரில் பெரும்பாலான மீன்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. முதிர்ந்த மீன்கள் மட்டும் சிலகாலம் உயிரோடிருக்க, குஞ்சுகள் இல்லாமல் ஏரி மலடாகிறது. ஜெர்மனியின் காடுகள் முழுதும் அழிந்தொழியும் என்று 1980களில் எழுந்த கூக்குரல் அவ்வண்ணமே பலிக்கவில்லை என்பதையும் இங்கே நேர்மையோடு குறிப்பிடவேண்டும். மரங்கள் வறட்சி, பூச்சி, பனி முதலிய பலவற்றாலும் நலிந்தவை. ஆனால் மண் இழந்த கால்சியம் இழந்ததுதான். ஹப்பர்ட் புரூக்கில் 1999இல் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதிலும் கால்சியம் சிலிக்கேட் கனிமத்தை ஹெலிகாப்டரிலிருந்து தூவிப் பார்த்தபோது, மேப்பிள் மரங்கள் தழைத்தெழுந்தன. மரங்களுக்கு எதில் குறை இருந்தது என்பதற்கு இதனினும் கண்கூடான நிரூபணம் வேண்டுவதில்லை.

கட்டுப்பாட்டின் வரலாறு இதன்பின் வேகம் பெற்றது. 1979இல் ஜெனீவாவில் ஐரோப்பிய நாடுகளும் வட அமெரிக்க நாடுகளும் எல்லை கடந்து செல்லும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1985இல் ஹெல்சிங்கியில், கந்தக வெளியீட்டை முப்பது சதவிகிதம் குறைப்பதென அவற்றுள் பல நாடுகள் உறுதி பூண்டன. ஜெர்மனி 1983இல் விதித்த ஆணையால் ஐந்தே ஆண்டுகளில் பெரிய அனல்மின் நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் சாதனம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் 1990இல் திருத்தப்பெற்ற தூய காற்றுச் சட்டம், நாடு முழுமைக்கும் ஓர் உச்சவரம்பை வகுத்து, அதற்குட்பட்ட உரிமைகளை நிலையங்கள் தம்முள் வாங்கவும் விற்கவும் இடந்தந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்நாட்டு மின்நிலையங்களின் கந்தக வெளியீடு தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. சீனமும் 2006ஆம் ஆண்டுக்குப்பின் அதே சாதனத்தைத் தன் நிலையங்களில் பெருவாரியாக நிறுவியது. அச்சாதனத்தின் தத்துவம் மிக எளியது: அரைத்த சுண்ணாம்புக் கல்லை நீரில் குழைத்து, உயர்ந்த கோபுரத்தினுள் மழையாகத் தெளிப்பர்; கீழிருந்து எழும் புகை அதனூடே செல்லும்; கந்தக டை ஆக்சைடு சுண்ணாம்போடு கூடி, காற்றின் உதவியால் ஜிப்சமாகிக் கீழே தங்கும். கோபுரச் சுதையை அரிக்கும் அதே ரசாயன மாறுதலை, ஓர் உலோகக் கூண்டுக்குள் நாமே விரும்பி நடத்துகிறோம். கொதிகலனின் படுகையிலேயே சுண்ணாம்புக் கல்லைக் கலந்து எரிக்கும் முறையும் உண்டு. அதற்கேற்ற சுழற்சிப் படுகைக் கொதிகலன்கள் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் விரிவாக்கத்தில் அமைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தியாவில் இவ்விஷயம் பொதுமக்களின் காதுக்கு எட்டியது தாஜ்மகாலை முன்னிட்டு. மதுராவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமையப்போகிறது என்றபோது எழுந்த கவலையால், 1974இல் எஸ். வரதராஜன் தலைமையில் நிபுணர் குழு நியமிக்கப்பட்டது. ஆலை வருமுன்பே ஆக்ராவில் நிலக்கரி எரித்த மின்நிலையங்களும், வார்ப்பாலைகளும், ரயில்வே நிலையமும் கந்தகத்தைக் கணிசமாக வெளிவிட்டு வந்தன என்பதை அக்குழு எடுத்துக் காட்டியது. மதுரா ஆலை 1982இல் இயங்கத் தொடங்கிற்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1984இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுற்றியுள்ள 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், அன்றேல் இடம் பெயரவேண்டும் என விதித்தது. பளிங்கு மஞ்சளித்ததற்குப் பெரும்பாலும் புழுதியும் கரித்துகளுமே காரணம் என்று பிந்திய ஆய்வு காட்டிற்று. அதனால் அத்தீர்ப்பின் பெருமை குன்றவில்லை, நம் நாட்டில் அமிலத்தை மட்டும் தனியே பிரித்து எடைபோடுவது எத்துணைக் கடினம் என்பதே விளங்கிற்று.

ஏனெனில் இந்திய மழைக்கு ஒரு விசேஷ இயல்பு உண்டு. உலக வானிலை ஸ்தாபனத்தின் திட்டப்படி 1970களிலிருந்து இந்திய வானிலைத் துறை ஜோத்பூர், அலகாபாத், நாகபுரி, புனே, விசாகப்பட்டினம், ஸ்ரீநகர், மோகன்பாரி, போர்ட் பிளேர், மினிக்காய், தமிழகத்தின் கொடைக்கானல் ஆகிய இடங்களில் மழைநீரைச் சேகரித்துப் பரிசோதித்து வந்திருக்கிறது. பாலைவனப் புழுதி சூழ்ந்த ஜோத்பூரின் மழை அமிலமாக இருப்பதற்கு மாறாகக் காரமாகவே இருந்தது. கோடையில் எழும் மண்தூசியிலுள்ள கால்சியம் கார்பனேட்டும், கால்நடைகளும் யூரியாவும் வெளிவிடும் அமோனியாவும் நம் ஆகாயத்தில் அமிலத்தைப் பெரிதும் தணித்துவிடுகின்றன. மான்செஸ்டரின் வயல்வெளி வளையத்தில் ஸ்மித் கண்டது இந்தியாவில் ஒரு தேசத்தின் பரப்பில் நிகழ்கிறது. ஆயினும் அப்பதிவுகள் பல இடங்களில் பத்தாண்டுக்குப் பத்தாண்டு பி.எச். இறங்கி வருவதையே காட்டின. மழை தொடங்கிய சில நாட்களில் தூசி அடங்கிவிட, பருவத்தின் பிற்பகுதி மழை மேலும் புளிப்பாகிறது என்பதும் நன்கு அறியப்பட்ட செய்தி. பாத்திரத்தை எந்நேரமும் திறந்து வைத்துப் பிடித்த நீருக்கும், மழை பெய்யும்போது மட்டும் மூடி திறக்கும் கருவியில் பிடித்த நீருக்கும் வேற்றுமை உண்டு. முன்னதில் தூசி விழுந்து பி.எச். உயர்ந்து தோன்றும். இன்னுமொன்று: அமோனியா தணித்த அமிலம் உண்மையில் தணிந்து போவதில்லை. அமோனியம் மண்ணை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மாற்றத்தில் அமிலம் மீண்டும் பிறக்கிறது. எனவே மழைத்துளியின் பி.எச். ஒன்றையே கண்டு ஆறுதல் கொள்வது தகாது. சுக்கான் கல் கலந்த நிலங்களும் கரிசல் நிலமும் இதனைத் தாங்கும். சுண்ணாம்புச் சத்து முன்னமே கழுவப்பட்ட மேற்குமலைச் செம்மண்ணும் சரளை மண்ணும் தாங்கமாட்டா.

இனிக் கட்டுப்பாட்டைப் பற்றி நம் நாடு எடுத்த முடிவுகளைக் காண்போம். நமது நிலக்கரியில் சாம்பல் மிகுதி, கந்தகம் குறைவு என்ற காரணத்தால், நெடுங்காலம் கந்தக டை ஆக்சைடுக்கென நிலையங்களுக்கு வெளியீட்டு வரம்பே இருக்கவில்லை. புகைபோக்கியின் உயரத்துக்குத்தான் விதி இருந்தது. சிறு நிலையங்களுக்கு ஒரு மணியில் வெளியேறும் கந்தக வாயுவின் எடையைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடுவர். 200 மெகாவாட்டுக்கு மேல் 220 மீட்டர், 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் 275 மீட்டர். 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் முதன்முதலாக வரம்பு விதித்தது: பழைய சிறிய அலகுகளுக்கு ஒரு கனமீட்டர் புகையில் 600 மில்லிகிராம், பெரியவற்றுக்கு 200, புதியனவற்றுக்கு 100. இரண்டாண்டில் நிறைவேறவேண்டிய அவ்வாணையின் தவணை மீண்டும் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. இதற்கிடையில், சீனத்தின் கந்தக வெளியீடு 2007க்குப் பின் முக்கால் பங்கு குறைந்ததென்றும், இந்தியாவினது பாதியளவு பெருகி அதனை விஞ்சிவிடும் நிலையில் உள்ளதென்றும் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு 2017இல் ஓர் ஆய்வு அறிவித்தது. 2025 ஜூலையில் வெளிவந்த அறிவிக்கை நிலையங்களை மூன்று பிரிவாக்கிற்று. தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சம் மக்கள் வாழும் நகரங்களுக்கும் பத்து கிலோமீட்டருக்குள் உள்ளவை கந்தகம் நீக்கியே ஆகவேண்டும். மாசு மிகுந்த பகுதிகளை அடுத்தவை தனித்தனியே பரிசீலிக்கப்படும். எஞ்சிய முக்கால் பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு, புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால், விலக்கு. நமது நகரங்களின் காற்றில் கந்தக டை ஆக்சைடு அனுமதித்த அளவுக்குள்ளேயே இருக்கிறது, சாதனத்தின் செலவு பெரிது, அதனை இயக்குவதாலும் சுண்ணாம்புக் கல்லாலும் கரியமில வாயு பெருகும் என்பன அதற்குக் கூறப்பட்ட நியாயங்கள். இவை முற்றும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும் வாயுவாக இருக்கும்வரைதான் கந்தகம் அந்த அளவுகோலுக்குள் அகப்படும்; சல்பேட்டாக மாறியபின் அது நுண்துகளின் கணக்கிலும் மழையின் கணக்கிலும் போய்ச் சேர்கிறது. உயர்ந்த புகைபோக்கி, அம்மாறுதலுக்கு வேண்டிய அவகாசத்தையும் தூரத்தையும் கொடுப்பது. 1974இல் லைக்கன்ஸும் போர்மனும் கண்டு சொன்ன பிழையை, அரை நூற்றாண்டு கழித்து, தெரிந்தே மறுபடியும் செய்கிறோம் என்பது என் திடமான அபிப்பிராயம். சாலைகளைச் செப்பனிட்டும் சாம்பலைப் பிடித்தும் நாம் புழுதியை அடக்க அடக்க, இதுகாறும் அமிலத்தைத் தணித்த காரமும் குறையும் என்பதை இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

செஞ்சிப் பிரதேசத்துக்கு வருவோம். அதற்கு ஏறத்தாழ நேர் தெற்கே எழுபது கிலோமீட்டரில் நெய்வேலி இருக்கிறது; அங்கு 1962 முதல் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகி வருகிறது. தென்மேற்குப் பருவத்தில் அதன் புகை கடலை நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் உள்நாட்டுத் தென்மேற்கை நோக்கியும் செல்வது இயல்பு. தெற்கிலிருந்து காற்று வீசும் கோடை மாதங்களில்தான் அது செஞ்சிப் பக்கம் திரும்பக்கூடும். எண்ணூரின் நிலை வேறு. 1970இல் அங்கு அனல்மின் நிலையம் தொடங்கிற்று. அது மூடப்பட்டபின்னும், 1994இலிருந்து வடசென்னை நிலையமும், பின்னர் வல்லூர் நிலையமும் அதே கரையில் இயங்குகின்றன. அங்கிருந்து தென்மேற்கே கோடு இழுத்தால் ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டரில் செஞ்சி வருகிறது. ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்று வீசும் திசையும் அதுவே. அதே மாதங்களில்தான் மேகமும் மழையும் மிகுதி, புழுதி அறவே அடங்கியிருப்பதும் அப்போதுதான். கந்தகம் மேகத்துள் அமிலமாகிக் கீழிறங்குவதற்கு இதனினும் ஏற்ற சூழல் ரசாயன சாஸ்திரப்படி இல்லை. சீயமங்கலத்துக் கருங்கல்லுக்கு இதனால் உடனடி அபாயம் ஒன்றுமில்லை. பாறை உடைக்கும் வெடி அதற்கு மழையைக் காட்டிலும் பெரிய பகை. கல்யாண மகாலின் சாந்தைப் பற்றி அவ்வாறு நிம்மதியாயிருக்க முடியாது. அக்கோட்டை, மராட்டியர் ராணுவ நிலப்பரப்புகளுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும், புகைபோக்கி அறிவிக்கை வெளிவந்ததும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தவை.

கந்தகம் நீக்குவதால் விளையும் ஜிப்சத்துக்கு இப்பக்கத்திலேயே உபயோகம் இருக்கிறது. திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டங்களில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிடுவோர், விதைத்த நாற்பதாம் நாள் வாக்கில், மண் அணைக்கும்போது, ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுவது வழக்கமான சிபாரிசு. விழுது இறங்கிக் காய் திரளக் கால்சியமும், எண்ணெய்ச் சத்துக்குக் கந்தகமும் அதனால் கிடைக்கின்றன. சிமென்ட் ஆலைகளும் அதனைக் கேட்டு வாங்கும். ஆகாயத்தில் விட்டால் அமிலமாகும் கந்தகம், பிடித்து வைத்தால் வயலுக்குச் சத்தாகிறது. செலவைக் கணக்கிடுவோர் இவ்வரவையும் ஏட்டில் பதிதல் நியாயம்.

ஆய்வுக்கு முதலில் வேண்டுவது அளவீடு. மழை பெய்யும்போது மட்டும் திறக்கும் சேகரிப்புக் கருவி ஒன்றைச் செஞ்சிக் கோட்டை வளாகத்திலும், மற்றொன்றைச் சீயமங்கலத்து ஏரிக்கரையிலும் நிறுவி, ஒவ்வொரு மழையின் நீரிலும் பி.எச். மதிப்போடு சல்பேட், நைட்ரேட், குளோரைடு, அமோனியம், கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றையும் அளந்து, சோடியத்தைக் கொண்டு கடலுப்பின் பங்கைக் கழித்து, அன்றைய காற்றின் திசையோடு ஒப்பிட்டு வரவேண்டும். புதுச்சேரி, விழுப்புரம், திருவண்ணாமலைக் கல்லூரிகளின் ரசாயனப் பிரிவுகள் இதனைத் தம் மாணவர்க்குப் பணியாக வகுக்கலாம். வடகிழக்குப் பருவத்தின் முதல் மழையையும், கார்த்திகைக் கடைசி மழையையும் தனித்தனிப் புட்டிகளில் பிடித்து ஒப்பிடுவதிலிருந்து இவ்வேலை தொடங்கலாம்.